அழகி செய்யில் ஒரு பங்கு

குழந்தைசாமி கடைமடையில் இருந்த தன் வயலின் வரப்பை மண்வெட்டியால் வெட்டித் திறந்து, ஊர் மாடுகளை உள்ளே விட்டார். கார்த்திகை பாதியாகியும் முழங்கால் உயரம் வராத பயிர். தோகையெல்லாம் நுனி கருகி, இழுத்தால் வேரோடு கையில் வந்தது. மாடுகள் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. பிறகு வேறு வழியில்லாமல் மேயத் தொடங்கின. அவர் அங்கிருந்து நகரவில்லை. மற்றவர்கள் மாடுகளை விட்டுவிட்டு, பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தன் பயிர் போவதை நின்று பார்க்கக்கூடத் துணிவில்லாதவன் எதற்கு விதைத்தான் என்பது அவருடைய கேள்வி. கடைசித் தூர் மறையும்வரை மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அது. தொடர்ந்து மூன்றாவது முறையாக மழை ஏமாற்றியிருந்தது. அரிமளத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் இப்படிப்பட்ட வருஷங்களுக்கென்றே ஒரு வழக்கம் உண்டு. கண்மாய்த் தண்ணீர் எல்லா வயலுக்கும் எட்டாது என்று தெரிந்ததும் கடைசி வயல்களை மாட்டுக்கு விட்டுவிட்டு, மடைக்கு அடுத்த வயல்களை மட்டும் காப்பாற்றுவார்கள். அந்தப் போகத்துக்கு அந்த வயல்கள் யாருக்கும் சொந்தமில்லை. கோல் போட்டு அளந்து வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்து, பானையில் ஓலை போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பயிர் வைத்தவனுக்கும் ஒரு பங்குதான். விழுந்த பங்கில் அவரவரே இறங்கித் தண்ணீர் கட்டி, களை பறித்து, அறுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை மடையடியில் ஊர் கூடியது. ஊர்த்தலைவரான அம்பலம் வீரய்யா பானைக்குள் கைவிட்டு ஓர் ஓலையை எடுத்து வெயிலுக்குக் காட்டினார்.

"அஞ்சாம் பங்கு. அழகி செய், வடக்கோரம். ஓலை..." அம்பலம் கொஞ்சம் தயங்கினார். "கொளந்தசாமி."

சளசளவென்றிருந்த கூட்டம் குழந்தைசாமியின் பக்கம் திரும்பியது.

அந்த ஊரில் வயலைச் செய் என்பார்கள். அழகி, குழந்தைசாமியின் தங்கை. அவளைச் சந்தனத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது, குடும்பத்தில் இருந்த ஒரே மடையடி வயலைச் சீதனமாகக் கொடுத்தார்கள். பதினான்கு மாதத்தில் தலைப்பிரசவத்தில் அவள் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. வயலைத் திருப்பிக் கேட்கும் குடும்பம் அல்ல அவர்களுடையது. ஆனால் வருஷம் திரும்புவதற்குள் சந்தனம் ராசாத்தியை மறுதாரமாகக் கட்டிக்கொண்டபோது, குழந்தைசாமி அந்த வரப்பில் நின்று, "இந்த மண்ணுல இனிமே எங்க காலு படாது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். பதினெட்டு வருஷமாகப் படவில்லை. சந்தனத்தோடு பேச்சும் இல்லை.

"அம்பலம், அந்த ஓலையத் திரும்பப் போடுங்க" என்றார் குழந்தைசாமி.

"எடுத்த ஓலைய எப்பிடிப்பா போடுறது? ஒனக்குப் போட்டா நாளைக்கு ஊரே மூக்கச் சிந்திக்கிட்டு வந்து நிக்கும்."

"அண்ணே, வேணும்னா என் பங்க எடுத்துக்கங்க" என்று பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "நல்ல வெளச்சல். எலி மட்டும் அம்பது உருப்படி இருக்கும்."

சிலர் சிரித்தார்கள். அம்பலம் சிரிக்கவில்லை. "மாத்துற பழக்கமே இங்க இல்ல."

"அப்ப எனக்குப் பங்கே வேணாம்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அப்போதுதான் சந்தனம் வாயைத் திறந்தான். "அம்பலம், மச்சான் எறங்க வேணாம். அவுக பங்கையும் நானே பாத்து, அறுத்து அடிச்சு, நெல்லா வீட்டுல எறக்கிப்புடுறேன். அவுக கௌரவம் அவுகளுக்கு."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குழந்தைசாமிக்குத் தாங்கவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு நடந்தார்.

செய்தி அவருக்கு முன்னால் வீடு வந்துவிட்டிருந்தது. அவர் மனைவி மருதாயி வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் தை மாதம்வரை வராது என்று இருவருக்கும் தெரியும்.

"அந்த ஆளு கொண்டாந்து எறக்குற நெல்ல நான் ஒலக்கையால தொட மாட்டேன்" என்றாள், நிமிராமலே. "ஒங்களால முடியலன்னா சொல்லுங்க, நான் போயி எறங்குறேன்."

"நீ எறங்கி, நான் கரையில ஒக்காந்திருக்கவா?"

"அதத்தாங்க நானும் கேக்குறேன்."

அன்று முழுவதும் அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வயலில் காலை வைக்காவிட்டால் நெல் வீடு தேடி வரும். வந்த நெல்லைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் சந்தனம் போட்டான், இவர் வேண்டாம் என்றார் என்ற பேச்சு நிற்கும். போடுகிறவன் இடத்தில் அவன் நிற்பான். அந்தக் கண்மாய்க் கரைக்கு அவருடைய அப்பன் மண் சுமந்திருக்கிறார், அவரும் சுமந்திருக்கிறார். தண்ணீரில் தனக்குள்ள பங்கை இன்னொருவன் கையால் வாங்குவதா? சொன்ன சொல்லை மீறுவது கேவலம்தான். அதைவிடப் பெரிய கேவலம் ஒன்று இருக்கும் என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

விடிந்ததும் மண்வெட்டியோடு போனார். தனக்கு விழுந்த அடுத்த பங்கில் சந்தனம் குனிந்திருந்தான். குழந்தைசாமி வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் காலை வைத்தார். மண் குளிர்ந்திருந்தது. கணுக்கால்வரை வாங்கிக்கொண்டது.

"வாங்க மச்சான்."

"வாங்கன்னு சொல்றதுக்கு இது ஒன் வயலா? இந்தப் போகம் இது ஊரு வயலு."

"சரி. ஊரு வயலுக்கு வாங்க."

"நான் வயித்துக்காக எறங்கல. தெரிஞ்சுக்க."

"தெரியும் மச்சான்." ஒரு பிடி களையைப் பிடுங்கி வரப்பில் போட்டு, "களை நெறையக் கெடக்கு" என்றான்.

"பாத்தாலே தெரியுது, பயிரு வச்சது யாருன்னு."

அதற்குப் பிறகு அறுப்புவரை பேச்சில்லை. முறைத் தண்ணீர் வரும் நாளில் ஒருவர் வாய்க்காலை வெட்டிவிட, மற்றவர் அடைத்தார். ராசாத்தி கஞ்சிக் கலயத்தோடு வருகிற நேரத்தில் குழந்தைசாமி முதுகைத் திருப்பிக்கொண்டு களை பறித்தார். மார்கழியில் ஒரே ஒரு தூறல் விழுந்தது. கண்மாயின் நடுப்பள்ளத்தில் சேறு வெடித்தபோது, அவரும் மருதாயியும் ஊர்க் கிணற்றிலிருந்து குடத்தில் இறைத்து வந்து வேர்களுக்கு ஊற்றினார்கள். குட்டையான கதிர்கள் தள்ளின. பாதி பதர்.

தையில் அறுத்தார்கள். கட்டியபோது ஏழு கட்டு வந்தது. ஆறு கட்டைச் சுமந்து களத்தில் போட்டாயிற்று. அதுவரை தூக்கிவிட்ட மருதாயி இப்போது அங்கே அடித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டைத் தூக்கிவிட ஆள் இல்லை. சந்தனம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"ஒரு கை குடுக்கவா மச்சான்?"

"வேணாம்."

வரப்பின்மேல் கட்டை உருட்டி வைத்துவிட்டு, கீழே வயலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தலையைக் கொடுத்து, ஒரு கையை மண்ணில் ஊன்றி எழுந்தார். ஒரு முறை சாய்ந்தார். சந்தனத்தின் கைகள் தானாக முன்னே வந்து நின்றன. அதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

களத்துக்குக் கரை வழியாகவும் போகலாம், சந்தனத்தின் தெரு வழியாகவும் போகலாம். ஆறு நடையும் கரை வழியாகத்தான் போயிருந்தார். இப்போது தெருவுக்குள் திரும்பினார். ஊர் பார்க்கட்டும், தன் பங்கைத் தன் தலையில் கொண்டுபோகிறவனுக்கு எந்தத் தெரு என்ன?

சந்தனத்தின் வீட்டுக் கூரை தெருவை நோக்கித் தாழ்ந்திருந்தது. கட்டின் ஒரு பக்கம் அதில் உரசி, நெல்மணிகள் பொலபொலவென்று வாசலில் உதிர்ந்தன. எங்கிருந்தோ கோழிகள் ஓடி வந்தன. உள்ளேயிருந்து ராசாத்தியின் காலடிச் சத்தம், "சூ, சூ" என்ற விரட்டல். பிறகு அவள் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்குவது கேட்டது. ஒவ்வொன்றாக முறத்தில் விழும் மெல்லிய சத்தம். அந்த மணிகளை அவள் தன் வீட்டுக்குள் கொண்டுபோவாளா, எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வருவாளா என்று பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாது. குழந்தைசாமி நடந்தார். வளைந்து தொங்கிய கதிர்கள் அவர் கண்ணுக்கு முன்னால் அசைந்துகொண்டே வந்தன.