வேன் முள்ளும் கிருஷ்ணகுமாரியின் நாடியும்

றக்வானைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், கன்னையாவின் வேனில் மீட்டர் முள்கள் விழுந்தால் அவர் பெண்சாதி கிருஷ்ணகுமாரிக்கு நாடி நின்றுவிடும். முள் எழுந்தால் நாடியும் எழும். சாவியை எடுத்து வண்டியை அணைக்கும்போது முள் இறங்குவது கணக்கில்லை, சாவி போட்டிருக்கையில் தானாக விழவேண்டும். சந்தேகப்படுகிறவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே மருந்து கொடுக்கிற டெனிஸ்டன் ஐயா தேதி போட்டு, 'நாடி இல்லை, ஆள் கொழுந்து எடுக்குது' என்று பதினேழு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார். நாடி நின்ற நேரத்தில் அவள் விழவும் மாட்டாள், கண்ணை மூடவும் மாட்டாள். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளும், வெங்காயத்தை அரியும். உடம்பு மட்டும் ஆற்றுக்கல் மாதிரிச் சில்லிட்டுப் போகும், கூப்பிட்டால் பேச்சு வராது. முதல் தடவை அது ஒரு நிமிஷம். பிறகு நாலு, பிறகு பதினொன்று. மூன்றாம் வருஷம் முக்கால் மணி நேரத்தைத் தொட்டபோது கன்னையா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தார். விழுந்த முள் ஒருநாள் எழாமலே கிடந்துவிட்டால் அவள் கதி என்ன என்ற கேள்வியைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

வேன் ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த பழைய டீசல் வேன். மழை நாளில் வளைவு திரும்பும்போது டீசல் முள், சூட்டு முள் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்போது லயமே இறங்கி வந்து வண்டியைத் தள்ளும். தள்ளுகிற குலுக்கலில் முள் எழும், மேலே மலையில் கிருஷ்ணகுமாரி திரும்பி, "என்னங்கடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று பக்கத்துப் பொம்பளைகளைக் கேட்பாள். வண்டியே வேண்டாமென்று ஒரு மாசம் தார்ப்பாய் போட்டு மூடியும் பார்த்தார். பெட்டரி இறங்க இறங்க அவளும் இறங்கிப் பாயோடு கிடந்தாள். அதற்குப் பிறகு மூடி வைக்கிற பேச்சே இல்லை. பெட்டரி மாற்றினார், ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றினார், டேஷ்போர்டையே கழற்றி வேறு போட்டார். மாரியம்மனுக்கு நேர்ந்தார், வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குச் சந்தனம் வைத்தார். தலைகீழாக நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. கராஜுக்குக் கொண்டுபோனாலோ, அந்தப் பாழாய்ப்போன வண்டி முதல் சாவியிலேயே சிரித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகும்.

கடைசியில் பெல்மதுளையில் வயரிங் வேலை பார்க்கும் சாலி பாஸ்தான் ஒரு வழி சொன்னார். "அண்ணே, கராஜுக்கு வந்தா இது நல்ல புள்ள வேஷம் போடுது. நானே அங்க வாறன், எப்ப விழுதோ அப்பப் பிடிப்பம்." சொன்னபடி பஸ் ஏறி வந்து, லயத்து வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வானத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் மழை பிடித்தது. கன்னையா சாவியைத் திருப்பினார். டிக். முள்கள் படுத்தன. கதவடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிருஷ்ணகுமாரி சில்லிட்டுப் போனாள், சுளகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சாலி பாஸ் பொனட்டைத் தூக்கி வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். பெட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகும் தடித்த வயரைப் பிடித்து ஆட்டியபோது முள்கள் எழுந்தன. "ஏங்க, மழை..." என்றாள் அவள். முள் விழுந்தது. மறுபடி ஆட்டினார். "...உள்ள அடிக்குது, கதவ..." மறுபடி விழுந்தது.

"ஐயோ பாஸ், ஆட்டாதீங்க! அது அவ உசுரு!" என்று கத்திக்கொண்டு கன்னையா அவர் கையைப் பிடித்தார்.

"எல்லாக் கரண்டும் திரும்பிப் போற வழி இதுதான் அண்ணே. போல்ட்டக் கழட்டிச் சுத்தம் பண்ணாமச் சரிவராது. பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிஷத்துக்குக் கன்னையா தலையாட்டினார். ஸ்பேனரை வைத்து இரண்டு திருப்புத் திருப்பியதும் துருப்பிடித்த போல்ட்டு தலை வேறு தண்டு வேறாக முறிந்தது. சாலி பாஸ் முறிந்த தண்டைக் குடைந்து எடுக்க உட்கார்ந்தார். அரை மணி போனது. சுளகும் நின்றுவிட்டது, அதுவரை ஒருநாளும் அவள் கை நின்றதில்லை. டெனிஸ்டன் ஐயா குடையும் ரெஜிஸ்டருமாக ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார், ரெஜிஸ்டரைத் திறந்தார், ஒன்றும் எழுதாமல் மூடினார். கன்னையா அவள் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் உள்ளங்கையைப் புண்ணாக்கிக்கொண்டார். சாலி பாஸ் வயர் நுனியை மூக்கருகில் கொண்டுபோனார். அதன் அடியில் மஞ்சளாக, ஓடு மாதிரி, ஒரு விரல் கனத்துக்கு என்னவோ காய்ந்திருந்தது. "சந்தனமல்லவா மணக்குது! இதுக்குள்ள யாரு அண்ணே சந்தனம் வச்சது?"

வைத்தது கன்னையாதான். வண்டி வாங்கிய வருஷம் ஆயுத பூசையன்று ஊரெல்லாம் கண்ணாடிக்கும் டயருக்கும் பொட்டு வைத்தபோது, வண்டியின் உயிர் அந்த வயரில்தான் இருக்கிறதென்று நினைத்து, போல்ட்டைத் தளர்த்தி, பெண்சாதி பேரைச் சொல்லி உள்ளே சந்தனம் பூசி முறுக்கினார். அவளுக்கு நோவு கண்டபின் வெள்ளிக்கு வெள்ளி, போல்ட்டைத் தொடாமல், அதே வயர் நுனிக்கு அடியில் திணித்தார், பயம் கூடக்கூட இன்னும் தடிப்பாக. "நான்தான் பாஸ்," என்று மழையில் நின்று தலையிலடித்துக்கொண்டார். "மூணு வருஷமா நானே அவளக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்."  சாலி பாஸ் சந்தனத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, தகரம் பளபளக்கும்வரை சேண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்து, பையிலிருந்து புதுப் போல்ட்டு எடுத்து முறுக்கினார். "சரி, சாவியப் போடுங்க."

ஒரு மணி பத்து நிமிஷம் ஆகியிருந்தது. முள்கள் நிமிர்ந்து நின்றன, வண்டி ஒரே திருப்பில் பிடித்தது.

"...சாத்துங்க," என்றாள் கிருஷ்ணகுமாரி.

மழை அதற்குள் விட்டிருந்தது. என்றாலும் கன்னையா ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கு அப்போது விஷயம் விளங்கவில்லை, அரிசியில் கல் கிடப்பதாகக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ரெஜிஸ்டரில் அவள் பேர் தலைவலி மாத்திரைக்குத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தனத்தைக் கன்னையா இப்போது அவள் நெற்றியில் வைக்கிறார். எப்போதாவது மலையில் நிற்கும்போது விரல்நுனி குளிர்ந்தால், அவள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தாமலே, "வேன் போல்ட்டு தளருது போல, அவரப் போய் முறுக்கச் சொல்லுங்கடி," என்று கீழே ஆளனுப்புவாள். கன்னையா ஸ்பேனரோடு போய்ப் பார்ப்பார். கால் திருப்புத் தளர்ந்துதான் இருக்கும்.