நடுகல்லில் நின்ற மாடுகள்

அதாவுல்லா தன் நாவல்களில் இதுவரை எட்டுப் பெண்களைத் தீயில் இறக்கியிருந்தார். வீரன் களத்தில் விழுவான், சேதி வரும், மனைவி வாய் திறக்காமல் சிதையை நோக்கி நடப்பாள், முற்றும். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் பார்த்துக்கொண்டே சரித்திரக் கதை எழுதிய மனிதருக்கு இது கைவந்த கலை. வாசகர்கள் போனில் அழுவார்கள். இவருக்குத் தலைகால் புரியாது.

மனைவி ஷம்ஷாதுக்கு மட்டும் அது பிடிக்காது. எழுதியதை முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டுவார். "இன்னாங்க இது, இவளயும் கொளுத்திட்டீங்களா? ஒருத்தியாவது உசுரோட இருந்துட்டுப் போறா, வுடுங்க" என்பாள். "சரித்திரம் அப்படித்தான்" என்று இவர் வாயை அடைப்பார். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செத்தார்கள் என்று எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

போன மழைக்காலத்தில் ஷம்ஷாத் மௌத்தானாள். மூன்றாம் நாள், அக்கம்பக்கத்தார் சமைத்து அனுப்பிய சோற்றின் முன் அதாவுல்லாவை உட்கார வைத்தார்கள். பசித்தது. கத்தரிக்காயை இன்னொரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரான் பெண்களையெல்லாம் தீயில் தள்ளியவருக்குத் தன் முறை வந்தபோது கத்தரிக்காய் கேட்டிருக்கிறது. நான் அவளை நேசிக்கவே இல்லையோ என்ற பயம் அன்று உள்ளே நுழைந்தது. அதன்பின் வெளியேறவில்லை.

ஒன்பதாவது நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு நடுகல்லின் புகைப்படத்தைப் பார்த்துத்தான் அந்த நாவலையே தொடங்கியிருந்தார். கல்லில் உள்ள வீரன் செத்தாயிற்று. அவன் மனைவிதான் மிச்சம். பதிப்பாளர் தனசேகரன் வாரம் தவறாமல் கூப்பிட்டு, "வழக்கமான நெருப்பு தானே சார், ஒரே நாள் வேலை" என்று அவசரப்படுத்தினார். அவளைத் தீயில் தள்ள இவருக்குக் கை வரவில்லை. உயிரோடு விடவும் மனம் வரவில்லை. விட்டால் அவளும் தன்னைப்போல் அன்பில்லாதவள் ஆகிவிடுவாளே என்று நினைத்தார். இதை முடிக்க முடியாவிட்டால் இனி எழுதப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டு, அந்தக் கல்லை ஒருமுறை நேரில் பார்க்கக் காவலூர் பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்கவேண்டியிருந்தது. கல் நின்ற இடம் குப்பம்மா என்ற மலைக்காரியின் சாமைக் கொல்லை. அவளே அதற்கு மஞ்சள் பூசி, வேடியப்பன் என்று கும்பிடுகிறவள்.

"வாங்க பாய். செருப்ப அங்கயே வுட்டுட்டு வாங்க. தனியாவா வந்தீங்க? வூட்டுல யாரும் வரலயா?"

"யாரும் இல்லம்மா" என்றார்.

இடுப்பு உயரக் கல். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்புகள். எதிரிகள் கவர்ந்து போன மாடுகளை மீட்டு விழுந்தான் என்று பழைய எழுத்தில் வெட்டியிருந்தது. அந்த அம்புகளை வைத்தே அவர் மூன்று அத்தியாயம் ஓட்டியிருந்தார். இப்போது எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். வீரனின் மனைவியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. வந்தது வீண் என்று பட்டது. இனி வாணியம்பாடியில் அந்தப் பூட்டிய வீட்டுக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

வெயில் தாழ்ந்தது. குப்பம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போன மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேயப்போன மாடுகள் கொல்லையோரக் கொட்டகைக்கு வந்துவிட்டன. ஒரு மாடு விடாமல் கத்தியது. "இருங்க பாய், மடி கட்டிக்கிச்சு, அது தாங்காது" என்று பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து ஓடினாள். சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து பால் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது.

அதாவுல்லா மறுபடி கல்லைப் பார்த்தார். வீரனின் காலுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு மாடுகள் செதுக்கியிருந்தன. புகைப்படத்திலும் அவை இருந்தன. அம்பைப் பார்த்த கண்ணுக்கு அவை தென்படவில்லை.

அவன்தான் மீட்டுவிட்டானே. அப்படியானால் மாடுகள் அன்று மாலை வீடு வந்திருக்கும். அவன் இல்லாமல் வந்திருக்கும். கன்றுகள் கத்தியிருக்கும், மடி கட்டியிருக்கும். மீட்டவன் செத்தது மாட்டுக்குத் தெரியுமா? அந்த வீட்டில் யாரோ முகத்தைத் துடைத்துக்கொண்டு பானையோடு எழுந்திருக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யார்? அழுதுகொண்டே கறந்திருப்பாள். பசித்து ஒரு வாய் குடித்தும் இருப்பாள். அவன் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த மாட்டைக் கறக்காமல் விட்டால்தான் அது அன்பில்லாத வேலை.

பையிலிருந்து தாளை எடுத்து அங்கேயே எழுதினார். அரைப் பக்கம்தான் வந்தது. தீ இல்லை, சிதை இல்லை. ஒருத்தி மாலையில் பால் கறக்கிறாள், முற்றும்.

எழுதி முடித்ததும் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேளு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அவள் கேட்டுக்கொண்டே இருந்த முடிவை இன்றைக்குத்தான் எழுதியிருக்கிறார். கேட்க அவள் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். குரல் உடைந்த இடத்தில் நின்று, மறுபடி தொடர்ந்தார்.

சொம்பில் பாலோடு வந்த குப்பம்மா திகைத்து நின்றாள். "யாருகிட்ட பேசறீங்க பாய்?"

"வூட்டுக்காரிகிட்டம்மா."

அவள் சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. "முடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி, சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.