வாயாடி தாண்டிய தண்ணீர்

1

இந்தக் கதையை எழுதக் கூடாது என்று என் அக்கா சொல்லியிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதைவிடக் கேவலமானது: என் கையில் வேறு கதை இல்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஊரையெல்லாம் கரித்துக் கொட்டினாள். நான் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விடியற்காலை மூடுபனியில் ஒரு குதிரை—

(அடித்துவிட்டேன். குதிரை என்று எழுதியதும் மூடுபனி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது.)

அவள் அந்தக் குதிரையை உயிருக்கு உயிராக நேசித்—

(இதைப் படித்தால் என் கழுத்தைத் திருகிவிடுவாள். அவள் வாயில் அந்த மாதிரி வார்த்தையே வராது. குதிரையைச் 'சனியன்' என்றுதான் கூப்பிடுவாள்.)

நேராகவே வருகிறேன்.

2

அக்கா பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவள், சாயங்காலமானால் லாயத்துக்குப் போய்விடுவாள். அங்கே இருப்பது வாயாடி. ஆளைக் கண்டால் கனைத்துத் தீர்க்கும் பெண் குதிரை. யாரையும் ஏறவிடாத முரட்டுக் குட்டியாக வாங்கி, அக்காவே பழக்கி, தடை தாண்டும் போட்டிக்குக் கொண்டுவந்தாள். மரக்கம்பம், செங்கல் சுவர், எது வைத்தாலும் வாயாடி தாண்டும். கம்பத்தடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் மட்டும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும்.

"வாயாடிக்குத் தண்ணின்னா பயம்" என்பது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிவைத்தது அக்கா.

அப்படி நின்றதற்காகவே இரண்டு பேரையும் போட்டிக்குப் போட்டி வெளியே அனுப்பினார்கள். கடைசியில் லாயத்துக் கோச் அக்காவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. குதிரைக்கும் வயசு ஏறுது. இந்தத் தடவை நம்ம பாலிஷ் ஓட்டட்டும். அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

பாலிஷ் சவாரியையே தொழிலாக வைத்திருப்பவன். அவன் பூட்ஸில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அதனால் அந்தப் பெயர்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். மாமா, அதாவது அவள் கணவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாயைக் கொடுத்தார்.

"குதிரை ஜெயிச்சா நீ ஜெயிச்ச மாதிரிதானே?"

"நான் சாப்பிட்டா உங்களுக்கு வயிறு நெறைஞ்சிடுமா?"

அன்றைக்கு மாமா தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

ஆனாலும் மறுநாள் அக்கா கோச்சிடம் போய்ச் சரி என்றுவிட்டாள். (ஏன் என்றாள் என்பதற்கு இங்கே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். பெருந்தன்மை, பற்று நீங்குதல், இன்னும் என்னென்னவோ. கிழித்துப் போட்டேன். அவளே சொன்ன காரணம் இது: "அவன் ஏறினாலும் அது நிக்கும்டா. அப்போ எல்லாரும் வாயைப் பொத்திக்குவாங்க.")

3

முதல் சுற்றுக்கு முன்னால் சவாரிக்காரர்கள் களத்தை நடந்தே பார்ப்பார்கள். தடைக்கும் தடைக்கும் இடையே காலடி வைத்துத் தூரம் அளப்பார்கள். அக்கா பாலிஷோடு நடந்தாள்.

"இடது பக்கம் திரும்பறப்போ தோளைச் சாய்க்கும். சாட்டையைக் கண்ணுல காட்டாதே."

அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். நீலத் தொட்டி வந்தது.

"இங்கதான் நிக்குமாக்கா? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பொய். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. தொட்டி கண்ணில் பட்டதுமே கடிவாளத்தைச் சுருக்கிப் பிடிப்பாள், முழங்காலை இறுக்குவாள், "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்லடி" என்று காதோரம் சொல்லிக்கொண்டே போவாள். அப்படிச் செய்தும் நிற்கிறது என்றால், செய்யாவிட்டால் என்ன ஆகும்? அதை அவனே அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

4

வாயாடி தொட்டியின் முன்னால் திடுமென நின்றது. பாலிஷ் பறந்துபோய்த் தண்ணீருக்குள்—

(உங்களுக்கும் இதுதானே வேண்டும்? எனக்கும் இதுதான் வேண்டும். ஆசை தீர எழுதிப் பார்த்தேன், அந்தப் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுவதைக்கூட விடவில்லை.)

நடந்தது வேறு. பாலிஷ் கையைத் தளர விட்டு, தொட்டியைப் பார்க்கக்கூடப் பார்க்காமல், அடுத்த தடையில் கண்ணை வைத்துக்கொண்டு வந்தான். வாயாடி தண்ணீரை மதிக்கவே இல்லை. ஒரே தாவு. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி அவன் பெயரை இரண்டு தடவை சொல்லியது.

இறங்கி வந்து கடிவாளத்தை அக்கா கையில் கொடுத்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"தங்கம்க்கா இது. நான் ஒண்ணுமே பண்ணல."

கர்வத்தோடு சொல்லியிருந்தால் அக்கா மன்னித்திருப்பாள். அவன் உள்ளதைச் சொன்னான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பயம் குதிரைக்கு இல்லை. இத்தனை நாளும் இறுக்கிப் பிடித்து, "ஒண்ணும் இல்லடி" என்று சொல்லிச் சொல்லி, அங்கே என்னவோ இருக்கிறது என்று அந்த வாயில்லாத ஜீவனை நம்பவைத்தது அவள்தான். வித்தையை மனசார அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் வாயாடி அன்றைக்கும் நின்றிருக்கும். வஞ்சகம் பண்ணப் போய்க் குதிரையை ஜெயிக்கவைத்துவிட்டாள்.

கோச் சொன்னது சரியாகிவிட்டது. பாலிஷ் நல்லவனாக இருந்து தொலைத்தான். வாயாடியோ ஒன்றும் நடக்காத மாதிரி அவள் தோளில் மூக்கைத் தேய்த்தது. கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆள்கூட அகப்படவில்லை. அந்தக் கோபத்தைத்தான் பாத்திரங்கள் மேல் காட்டினாள்.

5

மறுநாள் இறுதிச் சுற்று. அன்றைக்குச் சாயங்காலமே கோச் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கும் அவனே ஓட்டட்டும்."

"நாளைக்கு நான்."

"டாக்டர், ஜெயிக்கிற நேரத்துல போய்..."

"என் குதிரை."

"மறுபடி தண்ணிகிட்ட நின்னா?"

"நின்னா, அது இல்ல, நான்தான் நிக்கறேன்னு தெரிஞ்சுக்கறேன். அதைத் தெரிஞ்சுக்கறதுக்கும் அவனையே அனுப்பணுமா?"

கோச் பட்டியலில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். நானும் கதையை அங்கே நிறுத்தியிருக்கலாம்.

6

நிறுத்தவில்லை. முடிவுகளாக எழுதிக் குவித்தேன். ஒன்றில் அவள் தாண்டிவிடுகிறாள், கண்ணில் நீர், கைதட்டல். சினிமாத்தனம். இன்னொன்றில் வாயாடி நின்றுவிடுகிறது, ஆனால் அக்காவின் முகத்தில் ஓர் அமைதி. பத்திரிகைக்காரர்கள் உச்சி முகர்வார்கள். எனக்கு அந்த அமைதியை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கடைசி நிமிடத்தில் கடிவாளத்தைப் பாலிஷிடமே நீட்டிவிடுவதாகவும் ஒன்று உண்டு. அதற்குப் பக்குவம் என்று பெயர். தன்னுடையதைத் தூக்கி அடுத்தவனிடம் கொடுத்தால்தான் ஒருத்தி பக்குவப்பட்டவளா?

எதுவும் பிடிக்காமல், எழுதிய வரைக்கும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"என் குதிரை மேல ஒருத்தன் ஏறினான். நான் சரின்னு சொல்லி ஏறினான். உன்னை யாருடா ஏறச் சொன்னது?"

"முடிவை நான் எழுதலைக்கா. வாசகர்கிட்ட விட்டுடறேன்."

"அவங்க யாருடா எனக்கு? பாலிஷோட மூஞ்சியாவது தெரியும்."

காகிதத்தை மேஜைமேல் வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் காகிதத்தை எடுத்து அடுக்கினேன். கடைசியில் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"களத்து வாசல் வரைக்கும் எழுதிக்கோ. உள்ள போனது நான்."

7

ஆகவே வாசல் வரைக்கும்.

மணி அடித்தது. அக்கா வாயாடிமேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நீலத் தொட்டி வெயிலில் மின்னியது. "போலாம் சனியனே" என்றாள். குதிரை உள்ளே போனது. காவல்காரர் வாசலின் குறுக்குக் கம்பத்தைப் போட்டுவிட்டார்.

தாண்டினாளா என்று கோச்சைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு முடிவைக் கற்பனை பண்ணிக்கொள்ளலாம் என்றும் பார்க்காதீர்கள். அவள் சவாரி அது.