கேப்டன் உள்ளே போன பிறகு

"பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்றது குரல். கப்பல் கேப்டன் விதவையின் கதவைத் தட்டுகிறான், அவள் திறக்கிறாள், விளக்கை அணைக்கிறாள். "பக்கம் நூற்றுப் பதினாறு" என்றது அடுத்து. இருவரும் காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்!

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலிப்பதிவு செய்கிறவர் பக்க எண்ணையும் சொல்லியாக வேண்டும். நூலகத்தின் விதி அது. மூன்று பக்கத்தை முழுங்கி ஏப்பம் விட்ட மனிதர், விதியை மட்டும் மீறவில்லை. அப்படியொரு யோக்கியர்.

நூலகத்துக்கு போன் செய்து கத்தினேன். "ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்மா, இலவசமா படிச்சுக் குடுக்கறாரு, விட்டுடுங்க" என்றார்கள். விடுகிற ஜாதி நானில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். கடவுள் இருக்கிறார் என்று அடுத்த வாரமே தெரிந்தது.

"வணக்கம்மா, கழுத்தைத் திருப்பவே முடியல."

அதே குரல். மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னேன். முகம் வைக்கிற ஓட்டையில் முகத்தை வைத்தார். பிடரியில் இரண்டு கட்டை விரல்களையும் பதித்தேன்.

"சார், கேப்டன் உள்ள போனப்புறம் என்னாச்சு?"

கழுத்து கல்லாகிவிட்டது.

"அது... உங்கள மாதிரி பார்வையில்லாதவங்க மனசு கெட்டுடக் கூடாதுன்னு..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க சார். அதுங்க ஒலிப்பதிவுல பொறக்கல."

நாற்காலியிலிருந்து சிரிப்பு வெடித்தது. "நல்லா கேளும்மா! அந்தப் புத்தகத்த எப்பத் தெறந்தாலும் அந்தப் பக்கத்துலதான் வந்து நிக்குது. அத்தன தடவ படிச்சிருக்காரு."

விரலில் பட்ட அவர் காது கொதித்தது.

"அடுத்த தடவ புத்தகத்தோட வாங்க" என்றேன். "இல்லேன்னா கழுத்து இப்படியேதான் இருக்கும்."

வந்தார். ஓட்டைக்கு நேர்கீழே தரையில் புத்தகத்தை விரித்துவைத்தேன். குப்புறப் படுத்தபடியே படித்தார். அவர் முனகிய இடத்திலெல்லாம் அந்த அம்மா, "சத்தமா படிங்க, எனக்கும் கேக்கணும்" என்றார்.

பொத்தான் கழன்றது, அலை அடித்தது, பக்கத்துக்கு நாலு பெருமூச்சு. மூன்று பக்கமும் முடிந்தன. இதற்கா இவ்வளவு காவல்? நான் கற்பனை செய்துவைத்திருந்தது எவ்வளவோ மேல்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றார் பயந்துகொண்டே.

"சுத்த மட்டம் சார்" என்றேன். மனம் நிறைந்திருந்தது. "ஆனா அத நான்தான் சொல்லணும். நாளைக்கே போய் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க."