குருவிக்கு ஒரு கல்

இலந்தை மரத்தடியில் பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்று கிடந்தது. ஆடுகளுக்குத் தண்ணீர் வைப்பதற்காக யாரோ போட்டது. அடியில் காய்ந்த பாசியைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஒரு சின்னக் குருவி அந்தப் பாசியைக் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரவணகுமார் பையை இறக்கி வைத்தான். முந்தின நாள் அஜ்மானில் டூட்டி முடிந்ததும் கிளம்பி, ராஸ் அல் கைமா மலையில் தனியாக ஏறி, பாறை மேலேயே படுத்து எழுந்திருந்தான். கேனில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. கீழே, பாறைப் பிளவுக்குள், அவன் வேலை செய்யும் சைட்டின் டிரைவர் முன்பு போனில் காட்டிய அதே குளம் பச்சையாகத் தெரிந்தது. அவ்வளவு தண்ணீர் அங்கே இருக்கும்போது இது எதற்கு என்று கேனை டிரம்மில் கவிழ்த்தான். குருவி தவறி விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து, மேல்புறம் நனையாதபடி தண்ணீருக்குள் வைத்தான். பிறகு குளத்துக்கு இறங்கினான்.

வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. ஊரில் மனைவி நாகஜோதிக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போனது. படுத்தே இருக்க வேண்டும், அதிர்ச்சியான எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்காக ஏதாவது ஒரு மலை ஏறி, சுனையில் குளித்துக் கும்பிட்டு வந்தால் போதும் என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

“ஏல, வெயில்ல மண்ட காஞ்சு போச்சா?” என்றான் அவன் கிளம்பும்போது அறை நண்பன் ஜெயசீலன். “இங்க மலைன்னா வெறும் கல்லுல. உங்க ஊரு மாதிரி சுனை வச்சுக்கிட்டா காத்துக் கெடக்கு? சரி, எந்த மலைன்னாவது சொல்லிட்டுப் போ.”

“சாமி காரியமுங்க. சொல்லீட்டுப் போகக் கூடாது.”

அந்தப் பதில் எவ்வளவு பெரிய தப்பு என்பது குளத்தில் குளித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

இறங்கும்போது பாறை சறுக்குமரம் போல வழுக்கிக் கொண்டுவந்து விட்டிருந்தது. ஏறும்போது கால் வைக்க ஒரு வெடிப்புகூட இல்லை. வெள்ளம் காலங்காலமாக ஓடித் தேய்த்த பாறை. இரண்டு ஆள் உயரம்தான். ஆனால் ஏறிய ஒவ்வொரு முறையும் பாதியில் சறுக்கி விழுந்தான். முழங்கையிலும் உள்ளங்கையிலும் தோல் உரிந்தது. மறுபக்கம் குளத்தின் விளிம்பைத் தாண்டினால் அதலபாதாளம். விழுந்ததில் போன் தண்ணீருக்குள் போய், எடுத்தபோது செத்திருந்தது.

கத்தினான். மலை அவன் குரலையே திருப்பித் தந்தது. ஆடி மாத வெயிலில் இந்தப் பக்கம் யார் வருவார்கள்? உச்சி வெயில் நேராகக் குழிக்குள் இறங்கியது. பாறை அடுப்புக்கல்லாகச் சுட்டது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினான். பிற்பகலில் தொண்டை அடைத்து, வெறும் காற்று மட்டும் வந்தது.

அப்போதுதான் வெயில் மங்கியது. முதலில் அது சுகமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். மலை முகட்டில் கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. தலைக்கு வெகு மேலே, பாறை இடுக்கில், காய்ந்த புல்லும் சுள்ளியும் செருகியிருப்பதை அப்போது கவனித்தான். அவை அங்கே தானாக ஏறவில்லை. போன வெள்ளத்தின் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது.

சாயங்காலம் போன் வரவில்லை என்றால் நாகஜோதி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வாசலுக்கும் அறைக்கும் நடப்பாள். நடக்கக் கூடாது அவள். பிறகு யாராவது ஒருவர் செய்தி சொல்வார்கள். அவளைக் காப்பாற்றவென்று வந்து, அவள் தலையில் தானே இடியை இறக்கப் போகிறோமே என்று நினைத்தபோது அவனுக்கு அழக்கூடக் குரல் இல்லை. மறுபடி ஏறினான். மறுபடி விழுந்தான். மழைத்துளி ஒன்று புறங்கையில் பட்டது. பெரிய துளி.

“கடவுளே, எந்த மலையில நின்னு கேக்கறேன்னு நீ பாக்காதே” என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

மேலே ஆடுகளின் சத்தம் கேட்டது. மழைக்கு முன் அவற்றை மேட்டுக்கு ஓட்டும் அவசரத்தில் யாரோ அதட்டினார்கள். சத்தம் நெருங்கியது. நின்றது. பிறகு ஒரு ஆண் குரல் இந்தியில், “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டது.

சரவணகுமார் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. குரல் இன்னொரு முறை கூப்பிட்டது, இம்முறை சற்றுத் தள்ளி. அது போய்க்கொண்டிருந்தது.

வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை என்று ஒன்று உண்டு. கை தட்டினால் தண்ணீர் சுரக்கும் என்று நம்பித் தட்டுவார்கள். அவனும் வருஷந்தோறும் தட்டியிருக்கிறான். இப்போது தட்டினான். உரிந்த உள்ளங்கைகள் எரிய எரியத் தட்டினான்.

விளிம்பில் ஒரு தாடி முகம் எட்டிப் பார்த்தது. “அரே பாய்!”

ஆட்டுக் கயிறு இறங்கியது. கைக்கு எட்டவில்லை. அந்த மனிதர் கயிற்றை மேலே இழுத்து, தன் தலைப்பாகையை அவிழ்த்து முறுக்கி அதன் நுனியில் முடிந்து மறுபடி விட்டார். மறுமுனை இலந்தை மரத்தைச் சுற்றியிருந்தது. “ஜல்தி, பாய், ஜல்தி!” மழை வலுத்தது. பாறை இன்னும் வழுக்கியது. துணி கிழியும் சத்தம் கேட்டபோது, ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

இருவரும் மேட்டுக்கு ஓடி, ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினார்கள். சற்று நேரத்தில் கீழே லாரி வருவது போல ஒரு இரைச்சல் எழுந்தது. செம்மண் நிறத்தில் வந்த வெள்ளம் குளத்தைக் காணாமல் செய்துவிட்டது.

அவர் பெயர் உஸைர். பலூச்சிக்காரர், தன் கஃபீலின், அதாவது அரபு முதலாளியின், ஆடுகளை மேய்க்கிறவர். சரவணகுமார் மூச்சு வாங்கியபடி, “எப்படித் தெரிஞ்சுது?” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கிசுகிசுத்தான்.

“டிரம்ல தண்ணி இருந்துச்சு. இங்க ஏற்கெனவே ஒரு மழை பெஞ்சிருக்கும்னு நெனச்சேன். கிளம்பப் பார்த்தேன்” என்றார் உஸைர். “அப்புறம் உள்ளே கல்லைப் பார்த்தேன். தண்ணிய மழை ஊத்தும். குருவிக்குக் கல்லு எவன் வைப்பான்? எங்கயோ ஒரு மனுஷன் இருக்கணும்.”

மழை விட்டதும் உஸைர் தன் போனைக் கொடுத்தார். மேட்டில் சிக்னல் இருந்தது.

“ஏனுங்க, யாரு நம்பருங்க இது? தொண்டை என்ன இப்படி இருக்குது?”

“மழையில நனைஞ்சுட்டேன் கண்ணு. நீ படுத்துட்டுத்தான இருக்கறே?”

“படுத்துட்டுத்தான் இருக்கறேனுங்க. இன்னைக்கு ரொம்ப உதைக்குது. அந்தப் பாலைவனத்துல ஏதுங்க மழை?”

“நாளைக்கு எல்லாம் சொல்றேன். ஒண்ணும் மறைக்க மாட்டேன்.”

போனைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பினான். உஸைர் கீழே டிரம்மின் அருகில் குனிந்திருந்தார். மழைத் தண்ணீரில் அந்தத் தட்டைக் கல் மூழ்கிப் போயிருந்தது. அதன் மேல் இன்னொரு கல்லை எடுத்து வைத்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.