இனியாவின் சாயங்காலக் கால்கள்

நர்மதாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. பால்காரரிடம் ஒரு கோபம், பக்கத்து வீட்டு நாயிடம் ஒரு கோபம் என்று அன்றாடம் வந்து அன்றாடம் போய்விடும். போகாத கோபம் ஒன்றே ஒன்றுதான். அதை எட்டு வருஷமாக அடைகாத்து வைத்திருந்தாள். அது புருஷனின் அக்கா மஞ்சுளாவின் மேல்.

இனியா பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் வாடகைக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது. வலியில் நர்மதா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள். மஞ்சுளா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "ராகு காலம் பொறந்துருச்சு. ஆறு மணி தாண்டட்டும் சாமி. மொதப் பிரசவம், இந்நேரத்துல வாசப்படி எறங்க வேண்டாம்" என்று காரை நிறுத்திவிட்டாள். ஆறு அடித்த பிறகுதான் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். பிள்ளை பிறந்ததும் உடனே அழவில்லை. முதுகைத் தேய்த்து அழ வைத்தார்கள்.

ஒன்றரை வயதாகியும் பிள்ளை நிற்கவில்லை. "மூளை முடக்குவாதம். பிரசவத்தில் மூச்சுத் திணறியிருக்கும்" என்று ஒரு டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். நர்மதா நேராக மஞ்சுளாவின் வாசலுக்குப் போனாள். அதுவரை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசி வந்த வாய்தான்.

"எம்பட புள்ளை காலை முடக்குனவ நீ! இனி எங்கூட்டு வாசலை நீ மிதிக்கப்படாது."

மஞ்சுளா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட நர்மதாவின் மனசு ஆறியிருக்கும். புது வீடு கட்டிக் குடிபோனபோது, உடன்பிறந்தவள் செய்யவேண்டிய சீரை, புருஷனின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தியை வைத்து நர்மதா ஒப்பேற்றினாள். ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடப் போகும் புருஷன் அன்பரசு, பெண்டாட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் வாயைப் பூட்டிக்கொண்டான்.

இதற்கிடையே நர்மதாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. யாரும் அதை நம்பத்தான் இல்லை. நாலு வயசுக்குமேல் சுவரைப் பிடித்து நடை பழகிய இனியா, தூங்கி எழுந்ததும் ஓரளவு சரியாக நடப்பாள். மத்தியானம் கால் பின்ன ஆரம்பிக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு காலும் முறுக்கிக்கொள்ளும், தூக்கித்தான் போகவேண்டும். அன்பரசு எப்போதும் இருட்டியபின் வந்து விடியுமுன் போகிறவன். "காத்தாலைல நடக்கறாளா? நீ கனாக் கண்டிருப்பே புள்ள" என்பான். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, பஸ் பிடித்து, டோக்கன் போட்டு, உள்ளே கூப்பிடும்போது மத்தியானம் ஆகிவிடும். எந்த டாக்டரும் இனியாவின் காலைக் கால்களைப் பார்த்ததே இல்லை.

புருஷனின் வாயை அடைப்பதற்காகவே நர்மதா ஒரு வேலை செய்தாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இனியாவைச் செல்போனில் படம் பிடித்தாள். அன்பரசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, "நீ சொன்னது நெசந்தான் புள்ள" என்றான். அந்த வெற்றியை நாலு நாள் கொண்டாடினாள். அதற்குமேல் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தாள்.

சேலத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் சௌமியா, பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"தூங்கி எந்திரிச்ச உடனே எப்படி இருக்கா?"

நர்மதா கைப்பையைத் துழாவினாள். அந்த இரண்டு படத்தையும் எடுத்துச் செல்போனை நீட்டினாள். டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பரசுவையும் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"ஆமாங்க. இவுரு எனக்கு அத்தை பையன். எங்கப்பாவும் இவுரு அம்மாவும் கூடப் பொறந்தவிய."

மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு மாதத்துக்குமேல் ஆனது. அந்த ஒரு மாதமும் நர்மதாவுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த அன்று டாக்டர் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லாததால் அவளுக்குப் பயம்தான் வந்தது.

"பிரசவத்துல மூச்சுத் திணறி மூளை அடிபட்டிருந்தா, பெரும்பாலும் ஸ்கேன்ல தழும்பு தெரியும். இவ ஸ்கேன் சுத்தமா இருக்கு. இது ஜீன்ல வந்தது. அம்மாகிட்ட ஒரு பிழையான ஜீன், அப்பாகிட்ட அதே பிழை. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான தாத்தா இல்ல பாட்டி வழியா வந்திருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் கூடவே ஒரு நல்ல ஜீனும் இருக்கறதால எந்தக் கெடுதலும் பண்ணல. இவளுக்கு ரெண்டும் பிழையாவே சேர்ந்துருச்சு."

"அப்ப இது முடக்குவாதம் இல்லைங்களா?" என்றான் அன்பரசு.

"பார்க்க அதே மாதிரி இருக்கும். முடக்குவாதம்னு பேர் வாங்கின குழந்தைங்கள்ல கொஞ்சம் பேருக்கு இப்படி ஜீன்தான் காரணம். அதுலயும் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் மாத்திரை இருக்கு. உங்க பொண்ணு அந்தக் கொஞ்சத்துல ஒருத்தி. மூளையில ஊறவேண்டிய ஒரு சத்து இவளுக்குக் குறைவா ஊறுது. தூங்கினா கொஞ்சம் சேருது, பொழுது போகப் போகத் தீர்ந்துடுது. அதை மாத்திரையாக் கொடுக்கலாம்."

அன்பரசு பெண்ணைக் கட்டிக்கொண்டு குலுங்கி அழுதான். நர்மதா அழவில்லை. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"டாக்டருங்க... அன்னிக்குப் பிரசவத்துக்கு நாலரைக்கே கெளம்பியிருந்தா?"

"எத்தனை மணிக்குக் கெளம்பியிருந்தாலும் இதேதாம்மா. உங்க வயித்துல வந்த அன்னிக்கே முடிவானது."

வெளியே வந்து பஸ் ஏறினார்கள். நர்மதா எட்டு வருஷக் கோபத்தை இறக்கி வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாத்திரையைத் துளி அளவில் ஆரம்பித்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பொழுது சாய்ந்திருந்தது. நர்மதா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தண்ணி" என்று பின்னால் குரல். தூக்கி வரப் போனவள் அப்படியே நின்றாள். இனியா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கால் முறுக்கவில்லை. நர்மதா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது, யாரையோ பாம்பு கடித்துவிட்டதென்று. அவளோ வந்தவர்களுக்கெல்லாம் வாய்நிறைய சர்க்கரையை அள்ளிப் போட்டாள். பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரு பிஸ்கட் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள்.

"ஏனுங்க, வண்டியை எடுங்க. உங்கக்கா ஊட்டுக்குப் போலாம்."

அன்பரசு கடிகாரத்தைப் பார்த்தான். நாலு மணி. "போய்ச் சேர நாலே முக்காலாயிரும். ராகு காலம் புள்ள."

"தெரிஞ்சுதானுங்க சொல்றேன்."

நாமக்கல் பக்கம் மஞ்சுளாவுக்கு ஒரு சின்னக் கோழிப்பண்ணை. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்த நர்மதாவின் கண்ணில் பட்டது கூடத்துச் சுவர். ஒரு ஆணி மட்டும் இருந்தது. காலண்டர் இல்லை. ராகு காலம் பார்க்காமல் கோழிக்குத் தீவனம்கூட வாங்காதவள் வீட்டில் காலண்டர் இல்லை. எட்டு வருஷமாக இவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது அந்த வெறும் ஆணியைப் பார்த்த பிறகுதான் நர்மதாவுக்கு உறைத்தது.

மஞ்சுளா கொட்டகையிலிருந்து முட்டை அட்டையோடு வெளியே வந்தவள், இவர்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். "வாங்க" என்று சொல்லவும் அவளுக்குப் பயம்.

"நங்கையா" என்று நாத்தனாரை முறை சொல்லிக் கூப்பிட்டாள் நர்மதா. "உங்க மேல தப்பில்லைங்க. அது எங்க ரெண்டு பேரு ரத்தத்துல இருந்ததுங்க. நாலரைக்கே போயிருந்தாலும் இதேதானாம். டாக்டர் சொன்னாங்க. நாந்தான்... நாந்தான் வாய்க்கு வந்ததைப் பேசிப்போட்டேனுங்க."

மஞ்சுளா முட்டை அட்டையோடு ஓரடி முன்னால் வந்தாள். "நெசமாவா சாமி?" என்றாள்.

"நெசந்தானுங்க. நீங்களே பாருங்க. இனியா, போ கண்ணு."

இனியா அன்பரசுவின் விரலை விட்டாள். களத்தைத் தாண்டி நடந்தாள். கொஞ்சம் அகட்டித்தான் வைத்தாள், ஆனால் ஒரு சுவரையும் தேடவில்லை. அத்தையிடம் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க அத்தை, நான் கொண்டுட்டு வாரேன்."

"வேண்டாம் அம்முணி, உழுந்துருவே..." என்று ஆரம்பித்த மஞ்சுளா நர்மதாவைப் பார்த்தாள்.

"குடுங்க நங்கையா" என்றாள் நர்மதா.

பாதி நிறைந்த முட்டை அட்டையை இனியா வாங்கிக்கொண்டாள். நடை பழகியதிலிருந்து ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டே இருந்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராகு காலத்தில், இரண்டு கையிலும் முட்டையை ஏந்திக்கொண்டு வீட்டுப் படியேறினாள். பின்னாலேயே போன இரண்டு பெண்களும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள்.