ரிக் வண்டி வருமுன் ஒரு சோதனை

அன்புச்செல்விக்கு உடம்பு சுட ஆரம்பித்த அன்று காலையிலேயே சுகன்யா கொரோனா சோதனை செய்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் செய்திருக்க வேண்டாம் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று, கிருமி இல்லை என்று ஒற்றைக் கோடு காட்டி, அப்படிப் போயிற்று. மற்றொன்று டி.வி.க்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருந்தது. மூன்றாம் நாளான இன்று மத்தியானம் முழுக்க அவள் கண் அதன் மேலேயே இருந்தது.

அவள் கணவன் கோகுல்ராஜ் போர்வெல் துளைக்கும் ரிக் வண்டியில் டிரில்லர். ஆயுத பூஜை முடிந்து திருச்செங்கோட்டை விட்டுக் கிளம்பியவன், தை பிறந்த பிறகு இன்றுதான் ராய்ச்சூர் பக்கமிருந்து திரும்புகிறான். வண்டியில் ஏதோ பழுது. இங்கே பட்டறையில் இரண்டு நாள் வேலை. முடிந்ததும் நேரே ராய்ப்பூர். ஆறு வயது அன்பு இந்த இரண்டு நாளுக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தாள். அதில் முதலாவது, அப்பா தன்னோடுதான் படுக்க வேண்டும்.

குழந்தைக்குப் பயப்படும்படி ஒன்றுமில்லை. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, காய்ச்சல் மருந்து போதும், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். காய்ச்சலும் இறங்கிவிட்டது. இருமல்தான் மிச்சம். சுகன்யாவின் கவலை வேறு. ரிக் ஆட்கள் ஒரே லாரியில் ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும்படி நெருங்கிப் படுத்துத் தூங்குகிறவர்கள். மகளிடமிருந்து கோகுல்ராஜுக்கு ஒட்டினால் அவனோடு நிற்காது.

கீழ் வீட்டு வள்ளியாத்தாள் ரசம் கொண்டு வந்தபோது சுகன்யா இதைச் சொன்னாள்.

“அதான் ஒருக்கா பாத்தாச்சுல்ல? பனி கொட்டுது, சளி புடிக்குது. திரும்பத் திரும்பப் பாத்தா இல்லாததும் வந்துரும் அம்மணி” என்றாள் வள்ளியாத்தாள்.

“பாக்கறதுல வராதுங்க்கா.”

“உனக்கென்ன, நீ காலேஜி படிச்சவ. மூணு மாசங் கழிச்சு வாரவன வாசல்லயே நிக்க வெச்சுப் பாரு, அப்பத் தெரியும்.”

அவள் போன பிறகு சுகன்யா முதல் பெட்டியில் வந்த விளக்கத் தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். சோதனை நடக்கும் விதம் எளிமையானது, அழகானதும்கூட. மூக்கிலிருந்து எடுத்ததைக் கலக்கிய நீரைச் சொட்டினால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது காகிதப் பட்டையில் ஊறி நகரும். வழியில் கண்ணுக்குத் தெரியாத சாயத் துகள்கள் காத்திருக்கும். கிருமியின் துண்டு வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும். பட்டையில் ஓரிடத்தில் கிருமியோடு வரும் துகளை மட்டும் பிடிக்கும் வலை இருக்கிறது. போதுமான துகள்கள் அங்கே சேர்ந்தால் ஒரு கோடு தெரியும். அதைத் தாண்டி இன்னொரு வலை. அது கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் துகளைப் பிடிக்கும். ஆகவே அந்த ஒற்றைக் கோடு சொல்வது, நீர் கடைசிவரை ஓடியது, பட்டை வேலை செய்தது என்பதை மட்டும்தான். கிருமியே கிடையாது என்று அது சொல்லவில்லை. கோடு போடும் அளவுக்கு இந்தச் சொட்டில் இல்லை என்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல் தொடங்கிய அன்று மூக்கில் கொஞ்சமாக இருப்பது அடுத்த இரண்டு நாளில் பல மடங்கு ஆகலாம். அதனால்தான் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

போன் அடித்தது.

“தொப்பூர்ல டீக்கடையில நிக்கறோம். பாப்பா எப்படி இருக்குது?” என்றான் கோகுல்ராஜ்.

“ரசஞ்சோறு உண்டுட்டு பொம்மைக்கு ஊசி போட்டுட்டிருக்கறா. ஏனுங்க, இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிரலாமுங்களா?”

“எதுக்கு? ஒத்தக் கோடுன்னு நீதான போட்டோ அனுப்புன? வண்டியில எல்லார்த்துக்கும் காட்டிட்டேன். மாதையண்ணன் நம்ம புள்ளைக்குன்னு ஒரு பை கொய்யாப்பழம் வாங்கி மடியில வெச்சிருக்கறாரு.”

“அது முதல் நாளு பாத்ததுங்க.”

“முதல் நாளுன்னா என்ன, கோடு மாறிருமா?”

சுகன்யா அவன் தொழிலையே எடுத்துக்கொண்டாள். “நீங்க முதல் ராடு எறக்கறீங்க. வெறும் தூசியா வருது. உடனே போர் போடச் சொன்ன காட்டுக்காரர்கிட்ட, தண்ணி இல்லீங்கன்னு சொல்லிட்டு வண்டியக் கெளப்பீருவீங்களா?”

கோகுல்ராஜ் சிரித்தான். “கெளப்புனா அவரு கல்லெடுத்து அடிப்பாரு.”

முதல் இரும்புக் குழாய் இறங்கும்போது காய்ந்த தூசிதான் பறக்கும். ராடு மேல் ராடாக இறக்க இறக்க, கம்ப்ரசர் காற்று பாறைப் பொடியை மேலே தள்ளும். ஈரம் தட்டினால் பொடி கட்டிகட்டியாக வரும், அப்புறம்தான் தண்ணீர். இதை ஊர் ஊராக விவசாயிகளுக்கு விளக்குவது அவன்தான்.

“அதேதானுங்க இதுவும். நான் முதல் ராட்லயே நிறுத்திட்டேன்.”

 அவன் குரல் தணிந்து வந்தது. “வந்துருச்சுன்னா நான் ஊட்டுக்குள்ள வர முடியாதுல்ல?”

“முடியாதுங்க.”

“பாக்காம உட்டுட்டா?”

“வரலாம். புள்ளைய மேல போட்டுட்டுத் தூங்கலாம். அப்பறம் ராய்ப்பூர் போற வரைக்கும் மாதையண்ணன் ஒவ்வொருக்கா இருமறப்பவும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போவீங்க.”

வண்டி ஓட்டும் மாதையனுக்குச் சர்க்கரை நோய். போன வருஷம் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். கோகுல்ராஜ் பெருமூச்சு விட்டான்.

“பாரு சாமி. பாத்துட்டு எதுவா இருந்தாலும் சொல்லு.”

அன்பு மூக்கைக் காட்ட ஒரு நிபந்தனை போட்டாள்: முதலில் பொம்மைக்கு. பொம்மைக்கு ஆயிற்று. பிறகு அவளுக்கு. “மூக்குல எலி ஓடுதும்மா!” என்று கண்ணில் நீரோடு சிரித்தாள். சொட்டு விட்டதும் இருவரும் தலைகள் முட்டக் குனிந்து பார்த்தார்கள். ரோஜா நிறம் மெல்ல ஊறி வந்தது. ஒரு கோடு பளிச்சென்று விழுந்தது. அதற்குக் கீழே, பென்சிலால் இழுத்து அழித்ததுபோல மங்கலாக இன்னொன்று. மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான்.

“ரெண்டு கோடு! நான் பாஸா?”

“பாஸுதான் கண்ணு. ஆனா இந்த வாட்டி அப்பா உள்ள வர மாட்டாரு. நம்ம காச்சல் அவருக்கு ஒட்டிரும்.”

அன்பு உதட்டைப் பிதுக்கினாள். பொம்மையை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். சுகன்யா செய்தியை அனுப்பினாள். பதில், “சரி. அவள பால்கனிக்குக் கூட்டிட்டு வந்து நில்லு” என்று மட்டும் வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தெருவே அதிர ரிக் வண்டி வந்தது. வீட்டுக்கு எதிரே காலி மனை. மாதையன் வண்டியைப் பின்னுக்கு ஓட்டி அதில் நிறுத்தினார். கோகுல்ராஜ் முகக்கவசத்தோடு இறங்கி, முதலில் தலைக்கு மேல் கரண்ட் கம்பி எதுவும் போகவில்லை என்று சுற்றிப் பார்த்தான். பிறகு லீவரை அழுத்தினான். நான்கு இரும்புக் கால்கள் இறங்கித் தரையில் ஊன்ற, வண்டி மெல்ல எழும்பிச் சமனாக நின்றது. கால் ஊன்றாமல் துளையிடும் கோபுரத்தைத் தூக்கினால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

“அன்பு! கையத் தூக்கு!” என்று கத்தினான்.

அவள் தூக்கினாள். எண்ணெய் அழுத்தத்தில் தண்டுகள் நீள, கேபின் மேல் படுத்திருந்த இரும்புக் கோபுரம் தலையைத் தூக்கியது. கையை இறக்கினாள், நின்றது. தூக்கினாள், எழுந்தது. அன்பு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், இதெல்லாம் தன் கைக்கு அடங்குகிறதா என்று. பிறகு விடவே இல்லை. கோபுரம் மாடிக்கும் மேலே நெட்டுக்குத்தாக நிற்கும்வரை தூக்கினாள்.

“அட சாமி, எங்கூட்டுச் செவுத்துல சாச்சுப்போடாத! போர் போடறதுன்னா சொல்லு, கொல்லையில போடு!” என்று கீழேயிருந்து வள்ளியாத்தாள் கத்தினாள்.

“தண்ணி வந்தா உங்களுக்குப் பாதி தாறேனுங்க்கா!”

கோபுரத்தை மறுபடி படுக்க வைத்த பிறகு கோகுல்ராஜ் கேபின் மேல் ஏறி உட்கார்ந்தான். இப்போது மகளும் அவனும் ஏறக்குறைய ஒரே உயரம். நடுவில் தெருவின் அகலம். வீசும் காற்று இருமலைக் கலைத்துக் கொண்டுபோய்விடும். மாதையன் கொய்யாப் பையை இறுக முடிந்து படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். சுகன்யா அதை எடுத்து வந்து, சாப்பாட்டுக் கேரியரை அதே படியில் வைத்தாள்.

அப்பாவும் மகளும் எதிரெதிரே சாப்பிட்டார்கள், அவன் சோறு, அவள் கொய்யா. பொம்மைக்கும் ரெண்டு கோடு வந்ததென்று அன்பு கத்திச் சொன்னாள். அவன் அதற்கு மருந்து என்ன என்று கத்திக் கேட்டான்.

இருட்டுமுன் வண்டி பட்டறைக்குப் போக வேண்டும். எஞ்சின் உறுமியபோது அன்பு கம்பியைப் பிடித்து எட்டி நின்றாள்.

“அப்பா, நாளைக்கும் நான்தான் தூக்குவேன்!”

“நீ தூக்காம வேற ஆரு தூக்கறது?” என்றான் கோகுல்ராஜ். “அதுக்குள்ள அந்த ரெண்டாவது கோட்டை அழிச்சு வையி.”